தீர்ப்புக்கு முன்பே தண்டனையா?

கைது, ரிமாண்ட், ஜாமீன்... சட்டம் தந்த பாதுகாப்பு சாமானியருக்குக் கிடைக்கிறதா?

இந்தியச் சிறைகளில் 2022-ம் ஆண்டு இறுதியில் இருந்தவர்கள் 5,73,220 பேர். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கு இது. இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர், வழக்கு முடியாமலே, தீர்ப்பு வராமலே கம்பிகளுக்குப் பின்னால் இருந்திருக்கிறார்கள்.

இவர்களில் கொடிய குற்றச்சாட்டுகளைச் சந்திப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே விட்டால் சாட்சிகளை மிரட்டுவார்கள் என்று நீதிமன்றம் நியாயமாகவே அஞ்சுகிறவர்களும் உண்டு. ஆனால், ஜாமீன் கிடைத்தும் பிணைதாரர் கிடைக்காதவர்கள், வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள், வாய்தா மேல் வாய்தாவாக வருடங்களைத் தொலைத்தவர்கள், கடைசியில் விடுதலையாகப் போகிறவர்கள் எல்லோரும் இதே கணக்கில்தான் அடக்கம்.

குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி. குற்றவியல் நீதி நிற்பதே இந்த ஒற்றை வரியின் மேல்தான். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பாரதிய சாக்‌ஷிய அதினியம் என்ற புதிய சட்டங்கள் வந்துவிட்டன. பிரிவு எண்கள் மாறின. ஒரு தனிமனிதருக்கான அடிப்படைப் பாதுகாப்புகள் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. அவற்றை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் காவல் நிலைய மேஜையிலிருந்து சிறை வாசல் வரை கட்டத்துக்கு ஒருவராக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கடமையைக் கைவிட்டாலும், அடுத்தவர் அதைக் கவனித்து நிறுத்தியாக வேண்டும். எல்லோருமே கைவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது.

எஃப்.ஐ.ஆர் போடுவது கருணை அல்ல, கடமை

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால், நம் ஸ்டேஷன்களில் புகார்தாரர் கையில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர் ரசீதுதான். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி மட்டுமே அது. அந்த ரசீதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நடையாய் நடப்பவர்கள் பலருக்கு, தங்கள் புகார் வழக்காகவே மாறவில்லை என்பது தெரியாது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய சட்டம் இதில் இரண்டு வேலைகளைச் செய்திருக்கிறது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்பதை எழுத்திலேயே கொண்டுவந்தது. ‘எங்க லிமிட் இல்லை’ என்று இனி திருப்பி அனுப்ப முடியாது. அதே நேரத்தில், மூன்று ஆண்டுகள் முதல் ஏழு ஆண்டுகளுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி அனுமதியோடு 14 நாள்கள் முதல்கட்ட விசாரணை நடத்திவிட்டுப் பதிவு செய்யவும் வழி விட்டிருக்கிறது. இந்த 14 நாள்கள், செல்வாக்குள்ளவர்கள் மீதான புகாரைக் கட்டப்பஞ்சாயத்தில் கரைக்கப் பயன்பட்டுவிடக் கூடாது.

எஃப்.ஐ.ஆர் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்ட எஸ்.பி-க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

கைது: அதிகாரம் வேறு, அவசியம் வேறு

கைது செய்யும் அதிகாரம் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவதற்கான நியாயம் இருப்பது வேறு என்று 1994-ல் ஜோகிந்தர் குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பிலேயே கைது செய்யக் கூடாது. நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம். கைது செய்துதான் தீர வேண்டும் என்றால், ஏன் என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். காட்டாத போலீஸ் அதிகாரி மீது மட்டுமல்ல, அதைக் கேட்காமல் ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட் மீதும் துறை நடவடிக்கை பாயும் என்று அந்தத் தீர்ப்பு எச்சரித்தது.

கைது எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு 1996-ல் டி.கே.பாசு வழக்கில் வகுத்த நெறிமுறைகள் இருக்கின்றன. கைது செய்பவர் பெயர், பதவி தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். நாளும் நேரமும் குறித்த கைதுக் குறிப்பாணை எழுதி, குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். கைதானவருக்கு வக்கீலைப் பார்க்கும் உரிமை உண்டு. கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும்படி தெரிவிக்கவில்லை என்றால் அந்தக் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது.

இத்தனை விதிகளும் ‘கைது’ என்று காகிதத்தில் எழுதிய பிறகுதான் உயிர்பெறுகின்றன. நம் ஊரில் ஆபத்து அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. “சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்” என்று வீட்டிலிருந்து அழைத்துப் போகும் அந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. கைதுக் குறிப்பாணை இருக்காது. மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரக் கெடு எப்போது தொடங்கியது என்பதற்கும் சான்று இருக்காது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமல்போன புகாருக்காக விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் பிடியில் உயிரிழந்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது, வழக்கு சி.பி.ஐ வசம் போனது. ஒருவரை அழைத்துப் போகும் நிமிடத்திலிருந்தே பதிவு தொடங்க வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் அந்த மரணத்தில் இருக்கிறது.

ரிமாண்ட்: சில நிமிடங்களில் முடியும் விஷயமா?

கைதானவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு தரும் உரிமை இது. போலீஸின் பிடியிலிருந்து ஒரு மனிதர் முதன்முதலாக நீதித்துறையின் கண்ணில் படுவது இந்த இடத்தில்தான். மொத்த நடைமுறையிலும் மிக முக்கியமான கட்டம் இது என்பேன்.

நடைமுறையில் எப்படி இருக்கிறது? ஏதாவது ஒரு தாலுகா நீதிமன்ற வளாகத்தில் சாயங்காலம் நின்றால் பார்க்கலாம். ஜீப் வந்து நிற்கும். இரண்டு போலீஸார் நடுவே ஓர் இளைஞர் இறங்குவார். ரிமாண்ட் அறிக்கை, கைதுக் குறிப்பாணை, அரசு மருத்துவமனையில் வாங்கிய சான்று என்று ஒரு கத்தை காகிதத்தோடு ஸ்டேஷன் ரைட்டர் முன்னால் போவார். வாசலில் அம்மாவோ மனைவியோ, ‘சாப்டியா?’ என்று மட்டும் கேட்க முடியும். உள்ளே பெயர், அப்பா பெயர். “போலீஸ் மேல ஏதாவது புகார் இருக்கா?” என்று மாஜிஸ்திரேட் கேட்பார். அடித்தவர் என்று ஒருவர் இருந்தால், அவர் ஒரு கை தூரத்தில்தான் நிற்பார். கேட்கப்பட்டவர் தலையை ஆட்டி, “இல்லைங்கய்யா” என்பார். 15 நாள் நீதிமன்றக் காவல். ஞாயிற்றுக்கிழமை என்றால் இதெல்லாம் மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் நடக்கும்.

சட்டம் எதிர்பார்ப்பது இதைவிட மிக அதிகம். கைது அவசியம்தானா என்று மாஜிஸ்திரேட் காரணத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். உடம்பில் காயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வக்கீல் இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் ஏற்பாடு செய்ய வேண்டும். காரணம் போதாது என்றால் ரிமாண்ட் செய்ய மறுக்க வேண்டும்; மறுக்கும் மாஜிஸ்திரேட்டுகளும் இருக்கிறார்கள். போலீஸாரை வெளியே அனுப்பிவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் பதில் மாறக்கூடும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கூடுதலாகச் சில நிமிடங்கள் போதும்.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் போலீஸ் காவலில் எடுத்தார்கள். மறுநாள் அரசு மருத்துவமனையில் சான்று பெறப்பட்டது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். கோவில்பட்டி கிளைச் சிறை அவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 காலை தந்தை இறந்தார். மருத்துவர், நீதித்துறை, சிறை என்று சட்டம் வைத்திருந்த மூன்று காவல்களையும் காயம்பட்ட இரண்டு உடல்கள் கடந்து போயிருக்கின்றன. மூன்றில் ஒருவர் ‘நிறுத்துங்கள், முதலில் சிகிச்சை’ என்று சொல்லியிருந்தால் அந்த இருவரும் உயிர் பிழைத்திருக்கக்கூடும்.

அதே வழக்கில்தான் நீதி அமைப்பு விழித்துக்கொண்டால் என்ன செய்ய முடியும் என்பதும் தெரிந்தது. மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டிடம், சக போலீஸாருக்கு எதிராகப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் நடந்ததைச் சொன்னார். கேமராப் பதிவைச் சேமிக்கப் போதிய இடம் இருந்தும், அது தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அந்த மாஜிஸ்திரேட் அறிக்கை அளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாடு முழுக்க எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 

புதிய சட்டத்தில் கவலைக்குரிய மாற்றம் ஒன்றும் இருக்கிறது. முன்பு, ரிமாண்ட் செய்யப்பட்ட முதல் 15 நாள்களுக்குள் மட்டுமே போலீஸ் காவலில் எடுத்து விசாரிக்க முடியும். இப்போது அந்த 15 நாள்களைப் பிரித்து, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். நீதிமன்றக் காவலுக்குப் போன பிறகும் திரும்ப ஸ்டேஷனுக்கு வர நேரலாம் என்ற பயம் ஒருவரை வாரக்கணக்கில் துரத்தும். மாஜிஸ்திரேட்டின் பொறுப்பு இதனால் இன்னும் கூடியிருக்கிறது.

ஜாமீன்: பணம் தீர்மானிக்கலாமா?

ஜாமீன் என்பது விடுதலை அல்ல. வழக்கு முடியும் வரை ஒருவர் வெளியே இருந்தபடி விசாரணையைச் சந்திக்க அனுமதிப்பதுதான். அவர் ஓடிவிடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா, மீண்டும் குற்றம் செய்வாரா என்பவைதான் நீதிமன்றம் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை. ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு என்ற கோட்பாட்டை 1977-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் நிலைநாட்டினார். அடுத்த ஆண்டே மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு அவர் முன் வந்தது. உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும், கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டிருந்தது. சகோதரர் பிணை நிற்க முன்வந்தும், அவரது சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டது. ஏழையிடம் இப்படிக் கேட்பது ஜாமீனையே மறுப்பதற்குச் சமம் என்று கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார்.

அந்தத் தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றைக்கும் ஜாமீன் உத்தரவு கையில் கிடைத்த குடும்பம் அடுத்து ஓடுவது பிணைதாரர் தேடித்தான். இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம், வீட்டுவரி ரசீது எல்லாம் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவரிடம் வரி ரசீது ஏது? பிழைக்க வந்த ஊரில் ரத்த உறவுக்கு எங்கே போவது? அதன் பிறகும் தினமும் காலை ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை இருந்தால், கூலி வேலைக்காரர் அன்றாடம் அரை நாள் சம்பளத்தை இழப்பார்.

இதற்கும் மாற்று வழிகள் இருக்கின்றன. ஜாமீன் கிடைத்த ஏழு நாள்களுக்குள் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஏழை விசாரணைக் கைதிகளின் ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை உதவும் மத்திய அரசுத் திட்டமும் 2023-ல் வந்தது.

கேட்டால் மட்டுமே கிடைக்கும் உரிமை ஒன்றும் உண்டு. ரிமாண்ட் செய்யப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள், மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது பத்து ஆண்டுகளுக்குக் குறையாத தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால், பொதுவாக ஜாமீன் கட்டாயம். ராகேஷ் குமார் பால் வழக்கில் 2017-ல், வாய்மொழியாகக் கேட்டாலே போதும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால், குற்றப்பத்திரிகை உள்ளே வருவதற்கு முன் கேட்டுவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் உரிமை போய்விடும். நல்ல வக்கீல் உள்ளவருக்கு 61-வது நாள் விடுதலை; வக்கீல் இல்லாதவருக்கு அது இன்னொரு சிறை நாள்.

இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், தன் மீதான குற்றச்சாட்டுக்குரிய அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர்கள் பாதியையும் சிறையிலேயே கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 479-வது பிரிவு. மரணம், ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. இதற்கான மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரே போட வேண்டும். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தப் பலன் இல்லை என்பது பெரிய ஓட்டை. ஒரே ஆள் மீது அடுத்தடுத்து வழக்குகளைப் போடும் பழக்கம் உள்ள இடத்தில் இந்தப் பிரிவு பலருக்கு எட்டாமலே போகும்.

நிரூபிக்க வேண்டியவர் யார்?

‘போலீஸாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்ற செய்தியைத் தினமும் படிக்கிறோம். படித்த நிமிடமே அவர் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுகிறோம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமாகாது. 1872-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த இந்த விதி இப்போதும் தொடர்கிறது. அந்தத் தகவலால் ஒரு பொருளோ உடலோ கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அடித்து வாங்கும் வார்த்தையால் பலன் கிடைக்கும் என்றால் அடி நிற்காது என்பதை ஆங்கிலேய ஆட்சிக்காலச் சட்டமே புரிந்துவைத்திருந்தது.

தன் மீதே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3) பிரிவு. சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் சோதனை நடத்தக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் தீர்ப்பானது. குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு; போக்சோ போன்ற சில சட்டங்களில் மட்டும் சுமை ஓரளவு மறுதரப்புக்கு மாறும். அரசு வழக்கறிஞரின் வேலையும் எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆவணம் இருந்தால் அதையும் நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுவருவது அவர் கடமை.

பாதிக்கப்பட்டவர் எங்கே நிற்கிறார்?

இதையெல்லாம் படிக்கும்போது, மகளை இழந்த ஒரு தாய், ‘எல்லா உரிமையும் குற்றவாளிக்குத்தானா?’ என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வழக்கு அரசின் பெயரில் நடக்கிறது. பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கும் ஒருவராகச் சுருங்கிவிடுகிறார். வழக்கு இழுக்க இழுக்க மிரட்டலும் பேரமும் பெருகுகின்றன. சாட்சிகள் பிறழ் சாட்சிகளாகிறார்கள்.

புலன் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. தீர்ப்பு எப்படி வந்தாலும் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. ஆனால், அந்தத் தாய்க்கு மிகப் பெரிய உதவி, ஒழுங்கான புலன் விசாரணைதான். அடித்து வாங்கிய வாக்குமூலத்தை நம்பி ஆதாரம் திரட்டாமல் விட்ட வழக்கு நீதிமன்றத்தில் சரிந்துவிடும். அப்போது உண்மைக் குற்றவாளி தப்பிப்பார். அவர் இடத்தில் வேறு யாரோ உள்ளே இருந்திருப்பார். கைதானவரின் உரிமையைக் காப்பது பாதிக்கப்பட்டவரின் நீதியையும் காப்பதுதான்.

கைது நடந்தால் வீட்டார் செய்ய வேண்டியவை

* எந்தக் காவல் நிலையம், என்ன வழக்கு, யார் அழைத்துச் செல்கிறார் என்று கேட்டு, நேரத்தோடு எழுதி வையுங்கள்.
* கைதுக் குறிப்பாணையைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் உள்ள நேரம் சரிதானா என்று பாருங்கள்.
* அபூர்வ சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்கு முன் பெண்களைக் கைது செய்யக் கூடாது.
* 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், பெண்கள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்த்தான் விசாரிக்க வேண்டும்.
* காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச வக்கீல் உண்டு. தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100.
* முதல்முறை ரிமாண்ட் செய்யப்பட்ட தேதியைக் குறித்து வைத்து, 60-வது, 90-வது நாளை வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.

நாம் எதைக் கைதட்டி வரவேற்கிறோம்?

போலீஸ் பிடித்த ஒருவர் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் வந்தால், ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்ற விளக்கத்தோடு அதைப் பகிர்ந்து மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. வழக்குகள் பத்து ஆண்டுகள் இழுத்தால் மக்களுக்கு நீதிமன்றத்தின் மீது எப்படி நம்பிக்கை இருக்கும்? ஆனால், ஸ்டேஷனிலேயே தண்டனை கொடுக்கலாம் என்று நாம் ஒப்புக்கொண்ட பிறகு, அங்கே யார் போக வேண்டும் என்பது நம் கையில் இருக்காது. சாத்தான்குளத்தில் உயிரிழந்தவர்கள் ரவுடிகள் அல்லர், கடை நடத்தியவர்கள்.

1979-ல் பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் மறந்துபோகப்பட்டவர்களைப் பற்றி ஒரு நாளிதழ் எழுதியது. அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். ஹுஸைனாரா காத்தூன் வழக்கு என்று அறியப்படும் அதில்தான், விரைவான விசாரணை வாழும் உரிமையின் பகுதி என்று நிலைநாட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள்.

இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நீதிபதி தலைமையில், ஆட்சியரும் எஸ்.பி-யும் உறுப்பினர்களாக, விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு இருக்கிறது. அந்தக் குழு கூடும்போதெல்லாம் எத்தனை பேரின் வழக்கைப் பார்த்தது, எத்தனை பேரை விடுவிக்கப் பரிந்துரைத்தது, அவர்களில் எத்தனை பேர் உண்மையில் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்பதை மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். ரிமாண்ட் நேரத்தில் காயத்தைப் பார்த்ததும், வக்கீல் இருந்ததும், கைதுக்கான காரணத்தைப் படித்ததும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவிலேயே பதிவாக வேண்டும். இரண்டுக்கும் புதுச் சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. அரசும் உயர் நீதிமன்றமும் மனது வைத்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.